உள்ளான மனுஷன் நாளுக்குநாள் புதிதாக்கப்படுவதை எப்படி அறிவது?

ஓசூர் சாலைப் பயணி
திங்கள், இரவு 11.40

இங்கே எழுதுகிற பெரியவர்களுக்கும் சகோதர சகோதரிகளுக்கும் ஸ்தோத்திரம். பல மாதங்களாக மனத்துக்குள் வைத்திருந்த கேள்வியை இன்று எழுதிவிடுகிறேன்.

நான் நாசரேத்துக்குப் பக்கத்து ஊர்க்காரன். பெங்களூருக்கு வந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. வீடு லிங்கராஜபுரத்தில், வேலை எலக்ட்ரானிக் சிட்டியில். சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டி வீடு வந்து சேரும்போது பெரும்பாலும் பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். கல்லூரி இரண்டாம் ஆண்டில் ஒரு வாலிபர் முகாமில், மணல் தரையில் முழங்கால்படியிட்டு என் பாவங்களைச் சொல்லி அழுத இரவை நான் இன்றும் மறக்கவில்லை. அதன்பின் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் வேதத்தைத் திறந்தாலே கண் கலங்கும். இப்போது திறக்கிறேன், வாசிக்கிறேன், மூடுகிறேன். உள்ளே ஒன்றும் அசைவதில்லை.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த வசனம் ஏசாயா 40:31. 'கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்களோ புதுப்பெலன் அடைந்து' என்று அச்சிட்ட அந்த அட்டையை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். பிப்ரவரிக்குள் அது கண்ணில் படுவதே நின்றுவிட்டது. ஜனவரியில் மூன்று நாள் கன்வென்ஷன் கூட்டத்துக்குப் போய், கடைசி நாள் முன்னால் சென்று நின்று அழுது ஜெபித்தேன். அடுத்த வியாழக்கிழமை பழைய வறட்சி திரும்பிவிட்டது.

'எங்கள் புறம்பான மனுஷனானது அழிந்தும், உள்ளான மனுஷனானது நாளுக்குநாள் புதிதாக்கப்படுகிறது' என்று 2 கொரிந்தியர் 4:16இல் பவுல் சொல்கிறார். எனக்குள் அப்படி எதுவும் புதிதாவதாகத் தெரியவில்லை. நான் விசுவாசத்தைவிட்டுப் பின்வாங்கி, பின்மாற்றத்தில் இருக்கிறேனா? எங்கள் சபையின் ஆராதனை முறைமைதான் இதற்குக் காரணமோ என்று எண்ணி, வேறு சபைக்குப் போய்விடலாமா என்று மனைவியிடம் இரண்டு முறை பேசியும்விட்டேன். ஈஸ்டருக்குள் முடிவெடுக்க நினைக்கிறேன். இந்தப் பாதையில் நடந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.


ஹெண்ணூர் சகோதரன்
செவ்வாய், காலை 5.15

சகோதரரே, நேரடியாகச் சொல்வதற்கு மன்னியுங்கள். இரவு பதினொன்றே முக்காலுக்கு எழுதியிருக்கிறீர்கள்; காலை நான்கு மணிக்கு எழுந்து எழுதியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. ஜெப நேரத்தைக் கூட்டுங்கள். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் நடக்கின்றன, வெள்ளிக்கிழமை உபவாசம் இருங்கள். ஆதி அன்பை விட்டுவிட்ட எபேசு சபைக்குக் கர்த்தர் எழுதியதை வெளிப்படுத்தல் இரண்டாம் அதிகாரத்தில் வாசியுங்கள். அக்கினி அணைந்தால் மறுபடியும் மூட்டத்தான் வேண்டும்.


இரவுப் பணி அக்கா
செவ்வாய், காலை 8.50

தம்பி, நான் செவிலியர். இப்போதுதான் இரவுப் பணி முடிந்து சிவாஜிநகர் பேருந்தில் உட்கார்ந்திருக்கிறேன். மேலே எழுதிய சகோதரர் அன்போடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் நீங்கள் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லையே.

1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். கர்மேல் பர்வதத்தில் வானத்திலிருந்து அக்கினி இறங்கக் கண்ட தீர்க்கதரிசி எலியா, அடுத்த அதிகாரத்திலேயே வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, 'போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்' என்கிறார். அந்த மனுஷனுக்குக் கர்த்தர் முதலில் கொடுத்தது பிரசங்கம் அல்ல, கண்டனமும் அல்ல. தூங்கவிடுகிறார். தூதன் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையையும் ஒரு பாத்திரம் தண்ணீரையும் காட்டி, எழுந்து சாப்பிடு என்கிறான். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் படுத்துக்கொள்கிறார். அதற்கும் தேவன் கோபிக்கவில்லை. இரண்டாம் முறையும் தூதன் வந்து, நீ போகவேண்டிய பிரயாணம் வெகுதூரம் என்று சொல்லி மறுபடியும் ஊட்டுகிறான். அதற்குப் பிறகுதான் நாற்பது நாள் நடை, ஓரேப் பர்வதம், 'இங்கே உனக்கு என்ன காரியம்' என்ற கேள்வி, அமர்ந்த மெல்லிய சத்தம் எல்லாம்.

வார்டில் நான் பார்க்கிற ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். மாதக்கணக்கில் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் விருப்பமற்றுப்போன விசுவாசிகள் சிலர், 'என் ஜெபம் குறைந்துபோனது' என்று தங்களையே அடித்துக்கொண்டு, மருத்துவரிடம் வரத் தாமதித்து நோயை முற்றவிட்டிருக்கிறார்கள். நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிற ஊரில் நாம் வாழ்கிறோம். வறட்சி ஆத்துமாவினுடையதா, சரீரத்தினுடையதா, இரண்டும் கலந்ததா என்று பார்த்துக்கொள்வதில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தவர் மருந்தையும் கொடுப்பார்.


காக்ஸ்டவுன் பெரியவன்
செவ்வாய், மாலை 6.30

தம்பியின் கேள்வியில் இருக்கிற வசனத்துக்குள்ளேயே நாம் இன்னும் போகவில்லை. நான் ஆயர் அல்ல. கோலார் தங்கவயலில் பிறந்து, ஓய்வுபெற்ற பின் கொஞ்சம் கிரேக்கமும் எபிரெயமும் படித்த சாதாரண சபையான். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

'புதிதாக்குதல்' என்பதற்குரிய 'அனகைனோசிஸ்' என்ற கிரேக்கப் பெயர்ச்சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில் வருகிறது. ஒன்று தீத்து 3:5. அங்கே புதிதாக்குகிறவர் பரிசுத்த ஆவியானவர். மற்றொன்று ரோமர் 12:2, 'உங்கள் மனம் புதிதாகிறதினாலே மறுரூபமாகுங்கள்' என்பது. இது கட்டளைபோல் ஒலிக்கிறது, கட்டளைதான். ஆனால் மூலத்தில் அந்த வினை செயப்பாட்டு வினை. 'மறுரூபமாக்கப்படுங்கள், மறுரூபமாக்கப்பட்டுக்கொண்டே இருங்கள்' என்பதுதான் அதன் முழுக் கருத்து. மலையின்மேல் இயேசு 'மறுரூபமானார்' என்று மத்தேயு 17:2இல் வருவதும் இதே வினைச்சொல்தான். 2 கொரிந்தியர் 4:16இலும் நிகழ்காலச் செயப்பாட்டு வினையே வருகிறது. அதை நம் பழைய மொழிபெயர்ப்பு 'புதிதாக்கப்படுகிறது' என்று மிகச் சரியாகவே பிடித்திருக்கிறது. ஆக, இது நாம் நம்மீது செய்துகொள்கிற வேலை அல்ல. அப்படியென்றால் சும்மா இருக்கலாமா என்று கேட்டால், கட்டளை நமக்குத்தானே வந்திருக்கிறது. செய்கிறவர் செய்யும்படி நம்மை அவர் கைக்குள் வைப்பது நம்முடைய பங்கு.

தம்பி, உங்கள் முக்கியமான இடறல் வேறிடத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. 16ஆம் வசனத்தோடு நிறுத்திவிட்டீர்கள். 18ஆம் வசனம் வரைக்கும் வாருங்கள்: 'காணப்படுகிறவைகள் அநித்தியமானவைகள், காணப்படாதவைகளோ நித்தியமானவைகள்.' உள்ளான மனுஷன் புதிதாக்கப்படுவதை அப்போஸ்தலன் எந்தப் பக்கத்தில் வைக்கிறான்? காணப்படாதவைகளின் பக்கத்தில். நீங்களோ தினமும் உள்ளே எட்டிப்பார்த்து, தெரியவில்லையே என்கிறீர்கள். அதே அதிகாரத்தின் 7, 8ஆம் வசனங்களில் அவன் தன்னை மண்பாண்டம் என்றும், எப்பக்கத்திலும் நெருக்கப்பட்டவன் என்றும் சொல்கிறான். நாளுக்குநாள் புதிதாக்கப்படுகிறது என்று எழுதிய கை, சந்தோஷத்தில் துள்ளிக்கொண்டிருந்த மனுஷனுடைய கை அல்ல.

என் தகப்பனார் சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தவர். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். கீழே பாறையே சுடும். மேலிருந்து காற்றை அனுப்பிக்கொண்டே இருந்தால்தான் கீழே மனுஷன் நிற்க முடியும். நேற்று அனுப்பிய காற்று இன்றைக்கு உதவாது. கீழே வேலை செய்கிறவன் காற்று வருவதைப் பற்றி நினைப்பதே இல்லை, அது நின்றால்தான் தெரியும் என்று அவர் சொல்வார். அன்றன்றைக்கு மட்டும் கிடைத்த உணவான வனாந்தரத்து மன்னாவைப் பற்றி ஓய்வுநாள் பாடசாலையில் படித்தபோதெல்லாம் எனக்கு அந்தக் காற்றுதான் ஞாபகம் வரும்.

ஹெண்ணூர் சகோதரருக்கு ஒரு வார்த்தை. எபேசு சபைக்கு எழுதிய நிருபத்தைச் சுட்டியது சரியே. ஆனால் 5ஆம் வசனத்தில் கர்த்தர் என்ன சொல்கிறார்? 'ஆதியில் செய்த கிரியைகளைச் செய்வாயாக' என்கிறார். ஆதியில் அடைந்த உணர்ச்சியை மறுபடியும் அடைவாயாக என்று அவர் சொல்லவில்லை.


ஹெண்ணூர் சகோதரன்
செவ்வாய், இரவு 9.20

ஐயா, உங்கள் விளக்கத்தை இரண்டு முறை வாசித்தேன். செயப்பாட்டு வினையைப் பற்றி நான் அறிந்திருக்கவில்லை, நன்றி. அக்கா சொன்னதும் எனக்கு உறைத்தது. ஆனாலும் ஒன்றை விட்டுக்கொடுக்க முடியாது. அமைதியாக, கண்ணுக்குத் தெரியாமல் மட்டும்தான் தேவன் புதுப்பிக்கிறார் என்று சொல்லிவிட்டால், எழுப்புதல்களை என்ன செய்வது? 1860இல் திருநெல்வேலிச் சீமையில் ஜான் கிறிஸ்டியன் அருளப்பனின் ஊழியத்தில் எழுந்த எழுப்புதல் உணர்ச்சி மட்டும்தானா? ஜனங்கள் கதறி அழுதார்கள், பாவங்களை வெளிப்படையாக அறிக்கையிட்டார்கள், வாலிபர்கள் சுவிசேஷம் சொல்லப் புறப்பட்டார்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் இருதயம் 1738 மே 24 அன்று லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் விநோதமாய் அனல் கொண்டதே, அதுவும் ஒரே இரவில் நடந்ததுதான்.

இன்னொன்று. சங்கீதம் 51இல் தாவீது புதுப்பித்தலைக் கேட்பது களைப்பினால் அல்ல, பாவத்தினால். 'தேவனே, சுத்த இருதயத்தை என்னிலே சிருஷ்டியும், நிலைவரமான ஆவியை என் உள்ளத்திலே புதுப்பியும்' என்பது பாவ அறிக்கையின் நடுவில் எழுந்த ஜெபம். ஆகையால் பயணி சகோதரரிடம் அன்போடு கேட்கிறேன்: யாருக்காவது எதிராக உங்கள் உள்ளத்தை அடைத்து வைத்திருக்கிறீர்களா? இங்கே பதில் எழுத வேண்டாம். உங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள்.


காக்ஸ்டவுன் பெரியவன்
செவ்வாய், இரவு 10.05

சகோதரர் சொன்னதை நான் மறுக்கவில்லை. அருளப்பனைப் பற்றி ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அவர் மிஷனரி சங்கச் சம்பளம் எதுவும் இல்லாமல், தேவனை மட்டும் நம்பி, கிறிஸ்தியான்பேட்டையில் கிராமத்து ஜனங்களுக்கு வேதத்தைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். 1860இன் மழை அந்த உழுத நிலத்தில்தான் பெய்தது. அந்த இருபது ஆண்டுகளில் அவருக்குள் எதுவும் புதிதாகவில்லை என்று யார் சொல்வது? தாவீதைப் பற்றி நீங்கள் கேட்ட கேள்வி சரியான கேள்வி. அதில் நான் குறுக்கே வரமாட்டேன்.


பேராலயத் தெரு வாசி
புதன், பிற்பகல் 2.10

நான் கத்தோலிக்கன், செப்டம்பர் 8 ஆரோக்கிய மாதா திருவிழாவுக்குச் சிவாஜிநகர் பேராலயத்தில் கூட்டம் நிரம்பும்போது தண்ணீர் கொடுக்க நிற்கிறவர்களில் ஒருவன். சபைகள் வேறானாலும் இந்த வறட்சி எங்கள் வீட்டிலும் இருப்பதால் எழுதுகிறேன்.

தம்பி சபை மாறுவதைப் பற்றி எழுதிய வரியை இதுவரை யாரும் தொடவில்லை. இதைப் பற்றி எங்கள் மரபில் தெளிவான வழிகாட்டல் இருக்கிறது. 1521இல் ஸ்பெயினிலுள்ள பாம்பலோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கி, படுக்கையில் கிடந்தபோது தன் உள்ளத்தின் ஏற்ற இறக்கங்களைக் கவனிக்கக் கற்றுக்கொண்டவர், இயேசு சபைத் துறவியரின் நிறுவனர் லொயோலா இஞ்ஞாசியார்; அவர் பிற்பாடு தியானம் செய்கிறவர்களுக்காகச் சில விதிகளை எழுதினார். அவற்றில் ஒன்று: ஆன்ம வறட்சியின் நாட்களில் எந்தத் தீர்மானத்தையும் மாற்றாதே, ஆறுதலின் நாட்களில் எடுத்த தீர்மானத்தில் நிலைத்து நில். வறட்சிக்கு அவர் மூன்று காரணங்களையும் சொல்கிறார். நம்முடைய அசட்டை ஒன்று. ஹெண்ணூர் சகோதரர் சுட்டியது அதைத்தான். ஆறுதல் எனும் கூலி இல்லாமலும் சேவிக்கிறோமா என்ற சோதனை இரண்டாவது. எல்லாம் இறைவனின் கொடையே, நாம் சம்பாதித்ததல்ல என்று உணர்த்துவது மூன்றாவது. இந்த மூன்றில் எது என்று வெளியிலிருந்து யாரும் சொல்லிவிட முடியாது. அதற்காகத்தான் எங்களில் பலர் ஆன்ம வழிகாட்டி ஒருவரை வைத்துக்கொள்கிறோம். உங்களுக்கு உங்கள் ஆயர் இருக்கிறாரே, அவரிடம் இதைச் சொன்னீர்களா?

நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த எவாகிரியுஸ் என்ற துறவி, துறவிகளைத் தாக்கும் எட்டுத் தீய எண்ணங்களில் மிகவும் கனமானது நடுப்பகல் சோர்வு என்று எழுதியிருக்கிறார். நண்பகலில் துறவிக்குச் சூரியன் நகராமல் நிற்பதுபோல் தோன்றும். அறையைவிட்டு வெளியே பார்ப்பான். இங்கே சகோதரர்களிடம் அன்பு இல்லை என்று நினைப்பான். வேறிடத்தில் இறைவனைத் தேடுவது எளிதாக இருக்குமே என்று அந்த எண்ணம் அவனோடு பேசும். தம்பி எழுதியதை வாசித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்தத் துறவிதான். சபை மாறவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நடுப்பகலில் முடிவெடுக்காதீர்கள்.

ஒரு மொழிபெயர்ப்புச் செய்தியையும் சொல்லிவிடுகிறேன். சங்கீதம் 23:3இல் நீங்கள் 'அவர் என் ஆத்துமாவைத் தேற்றி' என்று வாசிக்கிறீர்கள். எங்கள் திருவிவிலியத்தில் 'அவர் எனக்குப் புத்துயிர் அளிப்பார்' என்று இருக்கிறது. சிறுவயதில் இரண்டும் வேறு வேறு வசனங்கள் என்றே நினைத்திருந்தேன்.


காக்ஸ்டவுன் பெரியவன்
புதன், மாலை 4.45

நல்ல இடத்தைக் காட்டினீர்கள். அங்கே இருக்கிற எபிரெய வினைக்கு அடிப்படைப் பொருள் திரும்புதல். 'என் உயிரைத் திருப்பிக் கொண்டுவருகிறார்' என்பது அதன் நேர்ப்பொருள். வழிதவறிப் போன ஆட்டை மேய்ப்பன் திருப்பிக் கொண்டுவருவதும் அதற்குள் இருக்கிறது, சோர்ந்து விழுந்தவனுக்கு மூச்சு திரும்புவதும் இருக்கிறது. 'தேற்றி' என்பது ஒன்றையும் 'புத்துயிர்' என்பது மற்றொன்றையும் எடுத்திருக்கின்றன. இரண்டு பைபிள்களையும் பக்கத்தில் வைத்து வாசிப்பவருக்கு இரண்டும் கிடைக்கும்.


ஓசூர் சாலைப் பயணி
ஞாயிறு, இரவு 8.15

இத்தனை நாட்கள் எழுதாமல் இருந்ததற்கு மன்னியுங்கள். எல்லாவற்றையும் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஹெண்ணூர் சகோதரர் இங்கே பதில் எழுத வேண்டாம் என்றார். எழுதினால்தான் எனக்கு நல்லது. அப்பா காலமானபின் ஊரிலுள்ள வீட்டைப் பற்றி எனக்கும் அண்ணனுக்கும் பேச்சு வளர்ந்து, மூன்று ஆண்டுகளாக நான் அவருக்குப் போன் செய்யவில்லை. மாதந்தோறும் திருவிருந்துக்கு முன்பு பக்கத்தில் இருப்பவரின் கைகளைப் பற்றிச் சமாதானம் சொல்கிறேன். பீடத்தண்டை காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற மத்தேயு ஐந்தாம் அதிகார வசனம் எனக்கு மனப்பாடம். இவ்வளவு காலமும் ஆராதனை முறைமையில் குறை கண்டுகொண்டிருந்திருக்கிறேன்.

வியாழக்கிழமை மாலை அண்ணனுக்குப் போன் செய்தேன். நான்கு நிமிடங்கள் பேசினோம். மழை இல்லாததைச் சொன்னார், இரண்டு தென்னைகள் பட்டுப்போனதைச் சொன்னார், பிள்ளைகளைக் கேட்டார். வீட்டைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. போனை வைத்தபின் பெரிய சந்தோஷம் எதுவும் வரவில்லை. அதையும் உண்மையாகச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் சனிக்கிழமை அவராகவே ஒருமுறை கூப்பிட்டார்.

அக்கா சொன்னபடி இரண்டு இரவுகள் பத்து மணிக்குப் படுத்தேன். ஆயர் ஐயாவிடம் இன்று ஆராதனை முடிந்து பேசினேன். தனக்கும் இப்படி இரண்டு ஆண்டுகள் இருந்ததாகச் சொன்னார், அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சபை மாறுவதைப் பற்றி ஈஸ்டருக்குள் முடிவெடுப்பதாக இருந்ததை விட்டுவிட்டேன்.

ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது, அதைக் கேட்டது என் மகள். அவள் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும்தான் படிக்கிறாள். தமிழ் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. நேற்றுக் குடும்ப ஜெபத்தில் 51ஆம் சங்கீதத்தை நான் சத்தமாக வாசித்தபோது, 'நிலைவரமான ஆவி என்றால் என்னப்பா' என்று கேட்டாள். இருபது ஆண்டுகளாக அந்த வசனத்தை ஜெபித்துக்கொண்டிருக்கிற எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?


இரவுப் பணி அக்கா
ஞாயிறு, இரவு 8.40

இன்றைக்கு நான் பணிக்குப் புறப்படுகிற நேரத்தில் இதை வாசித்தேன். அண்ணன் திரும்பக் கூப்பிட்டாரே, ஸ்தோத்திரம். மூன்றாம் இரவும் பத்து மணிக்குப் படுங்கள், தம்பி.


பேராலயத் தெரு வாசி
ஞாயிறு, இரவு 9.00

எங்கள் மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் 'உறுதிதரும் ஆவி' என்று இருக்கிறது. பாப்பாவுக்கு அது கொஞ்சம் எளிதாக இருக்கலாம். மற்றதைப் பெரியவர் சொல்லட்டும்.


காக்ஸ்டவுன் பெரியவன்
ஞாயிறு, இரவு 9.35

அந்த இடத்தில் எபிரெயத்தில் 'நாகோன்' என்ற சொல் வருகிறது. அசையாமல் நிலைநிறுத்தப்பட்டது என்று பொருள். அதே வேர்ச்சொல்லைப் பாப்பாவுக்குத் தெரிந்த கதை ஒன்றிலேயே காட்டலாம். நியாயாதிபதிகள் 16ஆம் அதிகாரத்தில், கண்கள் பிடுங்கப்பட்ட சிம்சோன் பெலிஸ்தரின் வீட்டில் நிற்கிறான். அந்த வீட்டைத் தாங்கி நின்ற தூண்களைச் சொல்கிற இடத்தில், வீடு அவற்றின்மேல் நிலைநின்றது என்பதற்கு எபிரெயத்தில் வருவது இந்தச் சொல்தான்.

ஆகையால் பாப்பாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். ஒரு பெரிய வீட்டின் பாரம் முழுவதும் ஒரு தூணின்மேல் இறங்கினாலும் அந்தத் தூண் ஆடாமல் நிற்கிறது அல்லவா, அப்படி நிற்கிற ஒரு மனத்தை எனக்குள்ளே மறுபடியும் வைத்துத் தாரும் என்று தாவீது ராஜா கேட்கிறார். தூண் எப்படி இருக்கும் என்று அவள் கேட்டால், சிம்சோனின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போன சிறுவனைப் பற்றியும் சொல்லுங்கள். சிம்சோனுக்குக் கண் தெரியாது. தூண்களை நான் தடவிப்பார்க்கட்டும் என்று அவன் அந்தப் பையனிடம்தான் கேட்கிறான்.